தட்டல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி

“சத்தம் பிடிக்கலன்னா நேத்து நீங்க கீழ வந்திருக்கவே—”

“சத்தத்தப் பத்தி யாரு பேசுனா? அந்தத் தட்டு, டங்கு டங்குன்னு நடுவுல—”

“அதுதானே பாட்டே, அக்கா. காதை அறுக்கணும். பேரே ‘துரு’. இண்டஸ்ட்ரியல் மியூசிக்கும் டிரம் அண்ட் பேஸும் கலந்து—”

“என்னப் பேச விடுறியா நீ—”

அதற்குமேல் சுடர்க்கொடி, எதிர்வீட்டு பிலோமினா இருவரின் வாயும் அசைந்தது, குரல் வரவில்லை. மாடிப்படிச் சுவரில் இருந்த ஒலியுறிஞ்சிகள் விழுங்கிவிட்டன. பெரம்பூரின் எந்த அடுக்ககத்திலும் இதுதான் வழக்கம். பேச்சளவைத் தாண்டினால் எதிரில் நிற்பவருக்குக்கூட எட்டாது. சண்டைக்காரர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்துத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

விழுங்கிய சத்தம் வீணாவதில்லை. மாடிக்கு மாடி ஒலித்தொட்டி உண்டு. சட்டப்படி மனிதக் குரலை வடிகட்டிவிட்டு, பொருள்களின் ஓசையை மட்டும் அது வைத்திருக்கும். அதை அள்ளித்தான் சுடர்க்கொடி இசை செய்தாள். நேற்று தரைத்தளக் கூடத்தில் உறிஞ்சிகளை அணைத்துவிட்டு அவளுடைய புதிய இசைத்தட்டை ஓடவிட்டபோது, கிழடு கட்டைகள்கூட எழுந்து ஆடின. மூன்று அடிக்குப் பிறகு விழும் அந்த இடைவெளி எப்படித் தோன்றியது என்று யாரோ கேட்டார்கள். மாதக்கணக்காக யோசித்தேன் என்று அவள் மைக்கில் சொன்னாள். சொல்லும்போதே காது மடல் சுட்டது. அது தொட்டியில் அப்படியேதான் கிடைத்தது. வேகத்தைக் கூட்டி, அடியில் பேஸைக் கோத்ததுதான் அவள் வேலை.

பிலோமினா முந்தானைக்குள்ளிருந்து ஒரு குழம்புக் கரண்டியை எடுத்து, சுடர்க்கொடியின் இரும்புக் கதவில் மெதுவாகத் தட்டினாள். மெதுவாகத் தட்டியதால் கேட்டது. டங், டங், டங். நிறுத்தினாள். பிறகு மறுபடி மூன்று.

சுடர்க்கொடிக்குத் தேர்ந்த காது. இரண்டாவது சுற்றிலேயே அது தன் இசைத்தட்டின் தாளம் என்று பிடிபட்டுவிட்டது.

“இது... எப்பக்கா?”

“எங்க வீட்டுக்காரரு போன அன்னிக்கு மத்தியானம். ஆம்புலன்ஸ் வந்துட்டிருந்துது. மூச்சு முட்டுது, தூக்கி உக்கார வைக்க இன்னொரு கை வேணும். ஒன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே தட்டுனேன்.”

“அழைப்பு விளக்கு...”

“அதையும்தான் அமுக்குனேன். எரிஞ்சுதோ என்னமோ.”

எரியாது. மணிக்குப் பதிலாக வீட்டுக்குள் எரியும் அந்த விளக்கை, வேலை செய்யும்போது கண்ணை உறுத்துகிறதென்று அவள்தான் அணைத்து வைப்பாள். அன்று காலையிலிருந்து தொட்டியில் உருப்படியாக ஒன்றும் விழவில்லையென்று அலுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, தொட்டியில் சத்தம் விழுவதைக் காட்டும் அளவிமுள் துள்ளியது. எழுந்துகூடப் பார்க்கவில்லை, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று முணுமுணுத்ததுகூட நினைவுக்கு வந்தது. கரண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கதவுதான்.

இசைத்தட்டை இன்றைக்கே திரும்பப் பெற்றுவிடுகிறேன், எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிலோமினா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் கைதட்டுனாங்களே, அந்த இடைவெளிக்கு,” என்றாள். “அப்பத்தான் நான் உள்ள ஓடி அவரப் பாத்துட்டு வருவேன்.”

சுடர்க்கொடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒவ்வொரு தடவ போறப்பவும் ‘சுடரு வந்துட்டாளா’ன்னுதான் கேட்டாரு. வந்துட்டிருக்கான்னு சொன்னேன். வேற என்னம்மா சொல்லியிருக்கணும் நான்?”