நீச்சல் குளத்துத் தண்ணீர் போன இடம்

பம்பைக்காரர் கொளஞ்சி தொண்டை கட்டும்வரை பாடி அழைத்துவிட்டார், செத்தவள் இறங்கினால் கனக்க வேண்டிய செம்பு கனக்கவே இல்லை. காற்று சுழற்றியடிக்கிற சாயங்காலத்தில், திறந்த வெளியில் ஏற்றி வைத்த கற்பூரம் இம்மியும் அசையாமல் நின்று எரிந்தது. ஜெயசுதாவுக்கு அது பிடிக்கவில்லை.

நீலச் சாயம் உரிந்து வறண்டு கிடந்த நீச்சல் குளத்தின் அடித்தரையில், மகள் செத்த இடத்தில், கடையில் வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றிய செம்பை ஏந்தி நின்றாள் அவள். கொடுமையைப் பாருங்கள், குளத்துக்கே தண்ணீரை விலைக்கு வாங்கி வர வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் கோடை பிறந்தால் திருமானூரிலிருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து கூத்தடித்த குளம். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு மூத்தவள் இலக்கியாவும் வந்தாள். படியில் வழுக்கித் தலையில் அடிபட்டுத் தண்ணீருக்குள் போனவள் உயிரோடு வெளியே வரவில்லை. அன்று பூட்டிய கேட்டை அப்புறம் யாரும் ஜனங்களுக்குத் திறந்துவிடவில்லை. விடிந்தால் குவாரி மண்ணைக் கொட்டி மூடப் போகிறார்கள்.

இளையவள் தேவயானிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். கன்னியாகச் செத்தவளை, அவள் போன தண்ணீரிலிருந்தே வீட்டுத் தெய்வம் பூவாடைக்காரியாகச் செம்பில் அழைத்து வந்து, சேலை வைத்துப் படைத்த பிறகுதான் அந்த வீட்டில் தாலி கட்டுவார்கள். முறை கிடக்கட்டும், ஜெயசுதாவுக்கு மகள் வேண்டும். மண்ணுக்கு அடியில் அவளை விட்டுவிட்டுப் போகப் பெற்ற வயிறு கேட்கவில்லை.

“இங்க யாரும் இல்லம்மா,” என்றார் கொளஞ்சி, பம்பையைக் கீழே வைத்து. “பொண்ணு தண்ணியோட போயிருச்சு.”

“தண்ணி எங்க போச்சு?”

முன்பு குளத்துக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்த திருமுருகன்தான் கேட்டைத் திறந்துவிட்டவன். அவன் தலை குனிந்துகொண்டான்.

“மறுநாளே எறைச்சுட்டோம்க்கா.”

“எறைச்சு எங்க வுட்டீங்க? சொல்லு தம்பி.”

“காரியத்துக்குச் சனம் கூடிக் கெடக்கு, பொழங்கத் தண்ணியில்லன்னு வீரமணி மாமா டேங்கர் கேட்டாரு. அந்தக் கோடையில ஊர்ல வேற தண்ணி ஏது? குளத்துத் தண்ணின்னு அவருகிட்ட நான் சொல்லல. ஒங்க வூட்டுத் தொட்டியிலதான்க்கா எறக்குனேன்.”

ஜெயசுதா அவனைத் திட்டவில்லை. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஐயோ, என் தங்கம் வீட்டில்தான் இருந்திருக்கிறாள்! “நான் வர்ற வரைக்கும் கூப்புடாதீங்கம்மா” என்று கொளஞ்சி கத்தியது காதில் விழுந்தும், அவள் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

வீட்டில் ஆள் இல்லை. கணவன் வீரமணியும் தேவயானியும் ஜாக்கெட் வாங்க ஜெயங்கொண்டம் போயிருந்தார்கள். முன்பு வாசலாக இருந்த இடத்தில், தரைத்தொட்டிக்கு மேலேயே ஓர் அறை எழுப்பியிருந்தார்கள். தொட்டியின் இரும்பு மூடிமேல் இப்போது சீர்ப் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. அடியில் ஒரு சாண் தண்ணீர் மோட்டாருக்கு எட்டாமல் எப்போதும் நிற்கும். அண்டாவும் குண்டானும் குத்துவிளக்குமாக ஒவ்வொன்றாய் அவள் எடுத்து வைக்க வைக்க, புதுப் பித்தளை வாடையைத் தாண்டிக்கொண்டு, நீச்சல் முடித்து வருகிற இலக்கியாவின் ஈரத் தலையில் அடிக்குமே, அந்த பிளீச்சிங் பவுடர் வாடை தரைக்கடியிலிருந்து கசிந்து அவள் முந்தானையில் ஏறிக்கொண்டது.

மண்டியிட்டாள்.

“இலக்கியா... அம்மா வந்துருக்கேன்டி.”

கீழே தண்ணீர் சலசலத்தது. நின்றது.

பிறகு தட்டுகிற சத்தம். மூடிக்கு நேர் கீழே. மெதுவாக.

வளையத்தைப் பிடித்து மூடியைத் தூக்கினாள். உள்பக்கத்தில் துருவே இல்லை. சுரண்டிச் சுரண்டித் தகடு பளபளத்தது.

இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. இடுப்பில் தூக்கிக்கொள்ளச் சொல்லிக் குழந்தை நீட்டுமே, அப்படி. வெளுத்த கைகள். இலக்கியாவின் கைகள்தான். ஆனால் நீளம். மூடியை எட்டி எட்டியே நீண்டுபோன கைகள்.

“தட்டுனேன்ம்மா. தெனமும் தட்டுனேன். நீ மோட்டார் போட்டுட்ட.”

ஈர விரல்கள் அவள் கன்னத்தைத் தொட்டன. மூக்கை, கண்ணை, நெற்றியைத் தடவி அடையாளம் பார்த்தன.

“தூக்கும்மா.”

அவள் மூடினாள்.

பெற்றவள்தான். மூடினாள். விரல்கள் நசுங்குவது தெரிந்தும் அழுத்தினாள். உள்ளே ஏதோ விழுந்தது. அண்டாவை இழுத்து மேலே போட்டாள். அது போதவில்லை. தானே ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. தேவயானி கைநிறையப் பைகளோடு உள்ளே வந்தாள்.

“ஏம்மா அங்க போயி உக்காந்துருக்க? அக்கா வந்துச்சாம்மா?”

ஜெயசுதாவுக்கு அடியில், மறுபடி தொடங்கியிருந்த சுரண்டல் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

“வரலடி,” என்றாள் ஜெயசுதா.

மூடியின் இடுக்கில் நான்கு வெள்ளை விரல்நுனிகள் வெளியே வந்தன. அம்மா எழுந்து போய்விடாதபடி அவள் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.