பல் தடம்

ஞாயிறு காலை 10.15. என் தம்பி நிவாஸ் காலண்டரிலிருந்து சனிக்கிழமைத் தாளைக் கிழித்தான். அதில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து, தன் ரிமோட் காரின் மோட்டார் முனையிலிருந்த சின்ன கியருக்கும் பக்கத்துப் பெரிய கியருக்கும் நடுவில் செருகினான். தாள் நசுங்கும்படி மோட்டாரை அழுத்திப் பிடித்து, இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான். சக்கரத்தை உருட்டியதும் துண்டு மறுபக்கம் வந்து விழுந்தது.

“பாருக்கா. மடிப்பு மடிப்பா பல் தடம் இருக்கணும், எங்கயும் கிழியக் கூடாது. கிழிஞ்சா டைட்டுன்னு அர்த்தம். வண்டி அழும்.”

“கோடு போடலையா?” என்று சீண்டினேன். அவன் வேலை செய்யும் ஒரகடம் தொழிற்சாலையில் போல்ட்டை முடுக்கியதும் அதன்மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள்.

“அது லைன்ல. நான் மஞ்சள் போடுவேன், செக் பண்றவன் பச்சை போடுவான். வூட்ல யாரு செக் பண்றது, நீயா?”

துண்டை என் கையில் திணித்துவிட்டுப் போனான். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில், 112ஆம் பக்கத்தில் அதை வைத்து மூடினேன்.

மாலை 6.20. அவன் கார் விடும் மைதானத்தை ஒட்டி, பாதியில் நின்றுபோன கட்டடத்தின் அஸ்திவாரக் குழியில் அவனை உயிரில்லாமல் கண்டெடுத்தார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தது. கழுத்தில் ரிமோட். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த காரில் பேட்டரி தீர்ந்திருந்தது.

தவறி விழுந்தான் என்று எழுதி போலீஸார் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்று வருடம் அதே இடத்தில் கார் விட்டவன் அவன். கையெழுத்துப் போட மறுத்தேன்.

செவ்வாய் காலை 11.00. இன்ஸ்பெக்டர் செந்தாமரை அந்தக் காரை எடுத்துக்கொண்டு, கட்டடக் காவலாளி கன்னியப்பனையும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். தேவநாதன் முன்பே அங்கே இருந்தான். நிவாஸோடு ஒரே தொழிற்சாலை. ஞாயிறுதோறும் அவனோடு போட்டி போட்டு, ஒருமுறைகூட ஜெயிக்காதவன். இரண்டு நாளாகப் பந்தல்காரரிலிருந்து பால் வரை எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

“நிவாஸைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?” என்று அவனிடம் கேட்டார் செந்தாமரை.

“நாலரைக்கு மேடம். ஓ.டி. முடிச்சிட்டு யூனிஃபார்மோட போனேன். டீக்கடையில இருந்தான். காரை வெளியவே எடுக்கல. எனக்குத் தலைவலி, கிளம்பிட்டேன்.”

“காரைத் தொட்டீங்களா?”

“இல்ல.”

இன்ஸ்பெக்டர் காவலாளி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க.”

“அஞ்சரைக்கு குழிலேர்ந்து அழுவுற சத்தம்மா. ங்கீனு. நிக்கும், மறுபடி அழுவும். போன வருசம் அங்க ஒரு ஆளு செத்துகீறான். நான் கிட்ட போவல. ஆறு மணிக்கு அதுவா நின்னுச்சு. அப்பாலதான் தைரியம் வந்து எட்டிப் பாத்தேன்.”

செந்தாமரை காரில் புதிய பேட்டரியைப் போட்டு ரிமோட்டை அழுத்தினார்.

ங்கீ...

கன்னியப்பன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். “இதாம்மா! இதேதான்!”

 குரல் எழும்பாமல் கிடந்த என் தம்பி, ரிமோட்டை அழுத்தி அழுத்தி, அரை மணி நேரம் விரலால் கூப்பிட்டிருக்கிறான்.

“அவன் வண்டி இப்படி அழாது” என்றேன். புத்தகத்தைத் திறந்து துண்டைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதைத் தொடவில்லை. அதே காலண்டரில் இன்னொரு தாள் கேட்டு வாங்கி, கியர்களுக்கு நடுவில் விட்டு உருட்டினார். மூன்று இடத்தில் கிழிந்து வந்தது.

“விழுந்த வேகத்துல மோட்டார் நகர்ந்திருக்கும் மேடம்” என்றான் தேவநாதன்.

“நகர்ந்திருந்தா கோடு விலகியிருக்கணுமே, தம்பி.”

காரைத் திருப்பிக் காட்டினார். இரண்டு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் தகட்டின்மேல் ஒரு கோடு இறங்கியது. நேராக, முறியாமல். பச்சைக் கோடு.

“இதைப் போட்ட பிறகு எதுவும் நகரல. காலையில நிவாஸ் கோடு போட்டாரா?”

“இல்லை. போட்டாலும் அவனோடது மஞ்சள்.”

“உங்களுக்கு அங்க என்ன வேலை, தேவநாதன்?”

அவனை முந்திக்கொண்டு நான் சொன்னேன். “செக்கிங்.”

தேவநாதன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் டீ குடிக்கப் போனப்ப டைட் வெச்சேன். பல்லு தேஞ்சு நிக்கட்டும், ஒரு ரேஸாவது ஜெயிக்கலாம்னு. கோடு போட்டதே தெரியாது மேடம். யூனிஃபார்ம் பாக்கெட்ல இருந்த பேனாவை எடுத்து கை தானா போட்டுடுச்சு.”

“அப்புறம்?”

“முதல் ரவுண்டுலயே சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிட்டான். காரைத் தூக்கிக்கிட்டு வந்து சட்டையைப் பிடிச்சான். தள்ளினேன். பின்னாடி குழி. விழுந்ததும் மூச்சே காணோம். செத்துட்டான்னு ஓடிட்டேன், அக்கா.”

அக்கா என்றுதான் என்னை எப்போதும் கூப்பிடுவான்.

அவனை ஜீப்பில் ஏற்றிய பிறகு செந்தாமரை வாசலில் நின்றார். “கியர் சரியா இருந்திருந்தா, அந்தக் காவலாளிக்கு ஒண்ணும் கேட்டிருக்காது.”

கேட்டும் யாரும் போகவில்லை. 

கார் கோர்ட்டில் இருக்கிறது. கன்னியப்பன் வேலையை விட்டுவிட்டார். அந்தப் புத்தகத்தை நான் முடிக்கவில்லை. துண்டு 112ஆம் பக்கத்தில்தான் இருக்கிறது. பல் தடம் ஒரே சீராக. எங்கும் கிழியவில்லை.