மிதந்ததை எடுத்து வைத்தோம்

"இந்தப் பழி போகலைன்னா இனி எந்த வீட்லயும் எனக்கு வேலை கிடைக்காது சார்," என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள், உட்காராமலே.

அவள் வேலை செய்த வீட்டு டீச்சரம்மா தனியாக இருப்பவர். செவ்வாய் காலை இவள் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தார். இப்போது ஆஸ்பத்திரியில், உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. ஞாயிறு இரவு வரை தான் கூடவே இருந்ததாகவும், திங்கட்கிழமை இவள் மட்டம் போட்டதால்தான் அம்மா கேட்பாரற்றுக் கிடந்ததாகவும் மகன் தன் அக்காவிடமும் ஊராரிடமும் சொல்லித் திரிகிறான். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நானே பார்த்துக்கொள்கிறேன், வராதே என்று போனில் சொன்னதே அவன்தான் என்கிறாள் இவள்.

துப்பறிவாளர் அவளையும் தன் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். மைத்துனனை எல்லோரும் கூப்பிடுவது 'அவசரம்' என்று. மகன் அங்கே இருந்தான். மேஜையில் இரண்டு தட்டுகள்.

"பாருங்க மாமா, ரெண்டு பேர் சாப்பிட்டிருக்காங்க. மகன் வந்தது நிஜம்," என்றான் அவசரம்.

"சாப்பிட்ட தட்டு இல்லடா, ஒரு பருக்கைகூட ஒட்டலை. எதிர்பார்த்துப் போட்ட தட்டு."

கூடையில் நாலு முட்டை. ஞாயிற்றுக்கிழமை தானே புதிதாக வாங்கி வந்ததாக மகன் சொன்னான். துப்பறிவாளர் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து ஒன்றைப் போட்டார். மிதந்தது.

"கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டிருக்கலாம்," என்றார் அவரே. "அம்மா பார்க்கலையா?"

மகனுக்குத் தெம்பு வந்தது. "பார்க்காம இருப்பாங்களா? ரெண்டு பேரும் இப்படித்தான் தண்ணியில போட்டுப் பார்த்தோம். மூழ்கினதை எறிஞ்சுட்டு, மிதந்ததை எடுத்து வெச்சோம்."

வேலைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல முட்டைதான் தம்பி மூழ்கும். பழசாக ஆக உள்ளே காத்து சேரும், மிதக்கும். அம்மாவோட ஒரே ஒரு தடவை இந்த அடுப்புக்கிட்ட நின்னிருந்தாக்கூட உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க வரவே இல்லை."

மகன் ஒப்புக்கொண்டான். வருவதாகச் சொன்னதும் இவளை வரவேண்டாம் என்றதும் உண்மைதான். கடைசியில் ஏதோ வேலை வந்துவிட்டதாம். துப்பறிவாளர் அவனைவிட்டே அவன் அக்காவுக்குப் போன் போட்டு அதைச் சொல்லவைத்தார்.

அவசரம் முட்டையை எடுத்து எறியப் போனான்.

"இருங்க," என்றாள் அவள். "டீச்சரம்மா உடனே எறியமாட்டாங்க. கொஞ்ச நேரம் பார்ப்போம், இறங்கினாலும் இறங்கும்னு நின்னுக்கிட்டே இருப்பாங்க."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மகன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.