முரண்டு பிடித்த பச்சைப் பெட்டி

அந்தத் தெருவில் மொத்தம் இருபத்து மூன்று வீடுகள். முன்பெல்லாம் நகரத்திலிருந்து வரும் ஒரே ஒரு கம்பிதான் அத்தனை வீட்டுக்கும் மின்சாரம் கொண்டுவந்தது. நகரத்தில் ஒரு காக்கை அந்தக் கம்பியில் உட்கார்ந்து தும்மினால் போதும், இங்கே இருபத்து மூன்று வீட்டிலும் விளக்கு அணைந்துவிடும். பொய் என்பவர்கள் அந்தக் காக்கையையே கேட்டுக்கொள்ளலாம்.

போன மாதம்தான் நிலைமை மாறியது. ஒவ்வொரு கூரையிலும் சூரியத் தகடு ஏறியது. தெருமுனையில் பீரோ உயரத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. பகலெல்லாம் கூரைகள் பிடிக்கிற வெயிலை அது மின்சாரமாகச் சேர்த்து வைக்கும். நகரத்துக் கம்பி அறுந்தால், சேர்த்ததை எடுத்துத் தெருவுக்குக் கொடுக்கும். எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்பது அதன் சின்னத் திரையில் கோடு கோடாகத் தெரியும்.

அதைக் கொண்டுவந்தது முந்திரிக்கொட்டையின் அம்மா. அவளுக்கு மின்கம்பி பழுது பார்க்கிற வேலை. அந்தப் பெட்டிக்காக இரண்டு வருடம் வீடு வீடாகப் படி ஏறி, எல்லாரிடமும் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவள்.

முந்திரிக்கொட்டைக்கு வயது பத்து. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்தே "உள்ளேன்" சொல்லிவிடுவாள். பக்கத்துப் பிள்ளை அன்றைக்கு வராவிட்டாலும்கூட.

ஒருநாள் காலையில் நல்ல வெயில். மத்தியானம் புயல். அடித்த காற்றில் ஒரு வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை பறந்து போய், அடுத்த தெருக்காரர் உடம்பில் மாட்டிக்கொண்டது. அளவு சரியாக இருந்ததால் அவர் திருப்பித் தரவில்லை. நகரத்துக் கம்பியும் அறுந்தது. அதைச் சரிசெய்ய அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"இப்ப பாருங்க, நம்ம பெட்டி வேலையைக் காட்டும்!" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள் முந்திரிக்கொட்டை.

பெட்டி காட்டியது. எல்லா வீட்டிலும் பளிச்சென்று விளக்கு எரிந்தது. கண்ணை இரண்டு தடவை சிமிட்டுவதற்குள் 'டொக்' என்று அணைந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பளிச். மறுபடி டொக். மத்தியானம் முழுக்க இதே கதைதான்.

ஐந்து மணிக்குத் தெருவே பெட்டியைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தது. தெருச் சங்கத் தலைவர் கையில் ஒரு தாளோடு வந்தார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை, பேசி முடித்ததும் ஒரு தடவை கனைப்பது அவர் வழக்கம்.

"க்கும். நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க? ஆறு மணி வரைக்கும் பார்ப்போம். எரியலேன்னா எல்லாரும் இதுல கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே லாரியில ஏத்தி அனுப்பிடலாம். க்கும்."

முந்திரிக்கொட்டை தலைவருக்கு முன்னால் போய் நின்றாள். அம்மாவின் இரண்டு வருட உழைப்பு லாரியில் போகப் போகிறது!

"அம்மா வந்துடட்டும் தலைவரய்யா. ஒரு போன் போட்டுப் பாக்கறேன்."

"போட்டுப் பாத்தாச்சு. அவங்க கம்பத்து உச்சியில இருக்காங்க. போன் கீழ பையில இருக்கு. பையா வந்து பேசும்?"

அப்போது ஐஸ்கிரீம் மாமா தன் கடை வாசலில் இருந்து கத்தினார். "என் சரக்கெல்லாம் உருகி ஓடுது! வீணாப் போறதுக்கு உங்க வயித்துக்காவது போகட்டும். வாங்க, சும்மா தர்றேன்!"

அவ்வளவுதான். கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டு நின்றவர்கள்கூடப் பறந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் ஒரே நேரத்தில் நாற்பது கைகள் பாய்ந்தன. மாமா மூடியை 'டொக்' என்று சாத்தினார்.

"எல்லாரும் ஒண்ணாக் கையை விட்டா ஒருத்தருக்கும் கிடையாது!"

பத்து வரை எண்ணினார். மூடியைத் திறந்தார். மறுபடி நாற்பது கை. மறுபடி டொக்.

எல்லாருக்கும் முன்னால் கையை விட்டவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நசுங்கிய விரலை வாயில் வைத்துச் சூப்பியபடி முந்திரிக்கொட்டை மூடியைப் பார்த்தாள். திரும்பிப் பச்சைப் பெட்டியைப் பார்த்தாள்.

"மாமா! நீங்களும் அந்தப் பெட்டியும் ஒண்ணு!"

"என்ன பாப்பா இப்படிச் சொல்லிட்டே? நான் என்ன அவ்வளவு பச்சையாவா இருக்கேன்?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. பெட்டியின் முன்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். 'பாரம் அதிகம். பத்து நிமிடத்தில் மீண்டும் முயல்வேன்.' மத்தியானம் முழுக்க எல்லாரும் அதைத் திட்டினார்களே தவிர, ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

பக்கத்தில் இருந்த தையல் அக்காவின் வீட்டுக்குள் ஓடினாள். சுவரில் எல்லா சுவிட்சும் போட்டபடி இருந்தன. ஃபேன், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், எல்லாம்.

"அக்கா, கரண்ட்தான் இல்லையே. ஏன் எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கீங்க?"

"நல்லாக் கேட்டே போ! அணைச்சு வச்சா கரண்ட் வந்தது எப்படித் தெரியும்?"

அடுத்த வீட்டிலும் அதே சுவிட்ச், அதே பதில். ஒரு வீட்டில் கரண்ட் வந்தது கண்ணுக்குத் தெரிய விளக்கு, காதுக்குத் தெரிய ரேடியோ, மூக்குக்குத் தெரிய அடுப்பு என்று மூன்றையும் போட்டு வைத்திருந்தார்கள். கடைசி வீடு அவளுடையது. அங்கேயும் எல்லாமே போட்டபடிதான் இருந்தன. போட்டது அவளேதான்.

பெட்டி ஒவ்வொரு முறை கண் திறந்ததும் இருபத்து மூன்று வீட்டு இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் மோட்டாரும் அதன் தலையில் ஒன்றாகக் குதித்தால், பாவம், அது என்ன செய்யும்?

ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள்.

"எல்லாரும் எல்லா சுவிட்சையும் அணைங்க!"

"அணைச்சா எப்படித் தெரியும்?" என்று தெருவே ஒரே குரலில் கேட்டது.

"நான் தட்டைத் தட்டறேன். எந்த வீட்டு நம்பரைச் சொல்லித் தட்டறேனோ, அந்த வீடு மட்டும் ஒரு லைட், ஒரு ஃபேன் போடணும்."

"அப்ப எங்க வீடுதான் முதல்ல! எனக்கு முட்டி வலி."

"என் முட்டி உன் முட்டிக்கு மூத்தது. நான்தான் முதல்ல!"

"பதினோராம் வீட்டுல கைக்குழந்தை வேர்த்து அழுதுட்டிருக்கு" என்றாள் முந்திரிக்கொட்டை. "அது முதல்ல. அப்புறம் மாமாவோட ஐஸ் பெட்டி. எங்க வீடு கடைசி."

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒரு சின்னப் பெண் 'எங்க வீடு கடைசி' என்று சொன்ன பிறகு, முட்டியைக் காட்டி முதலிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அணைக்கப் போனார்கள்.

ஐந்து நாற்பதுக்குப் பெட்டி கண் திறந்தது. டொக்!

"பாத்தியா? பாத்தியா?" என்று கூட்டம் சலசலத்தது.

முந்திரிக்கொட்டை திரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வீடுகளுக்குக் கோடே இல்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் சிவப்புக் கோடு, நாக்கை நீட்டியதுபோல் நீண்டிருந்தது. முதல் நம்பர் வீடு. சங்கத் தலைவர் வீடு. கிணற்றோடு சேர்த்து மேலே இழுத்துவிடும் என்று பேர் வாங்கிய மோட்டார் அங்கேதான் இருந்தது.

அவள் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டு திறந்தது. தலைவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"யாரோ ஒரு வீட்டுல மறந்துட்டாங்க போல. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்று கூட்டத்திடம் சொன்னாள். பிறகு மெல்லப் போய்த் தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தலைவரய்யா, உங்க வீட்டு மோட்டார்."

தலைவரின் காது சிவந்தது. "அது வந்து... கரண்ட் வந்தா தெரியணுமேன்னு..."

"வேற யாரும் பாக்கல. நான் திரையை மறைச்சுட்டு நிக்கறேன். நீங்க போய் அணைச்சுட்டு வாங்க."

தலைவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் போன வேகத்தில் முன்னால் ஓடிய நாய் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர், கனைக்கக்கூட மறந்து நின்றார்.

ஐந்து ஐம்பது. பெட்டி கண் திறந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டொக் வரவில்லை.

"பதினொண்ணு!" டங்! பதினோராம் வீட்டில் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஃபேனை முறைத்துப் பார்த்தது.

"ஐஸ் பெட்டி!" டங்! மாமாவின் பெட்டி உறுமியது.

ஒவ்வொரு வீட்டுக்கும் இடையில் இரண்டு நிமிடம் விட்டாள். திரையில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப்போல் அடக்கமாக நின்றன.

ஆறு மணி அடித்ததும் ஒருவர் கேட்டார். "தலைவரே, கையெழுத்துத் தாளு?"

"க்கும். எந்தத் தாளு?" கையில் இருந்ததை நாலாக மடித்து அவர் விசிறிக்கொண்டிருந்தார். "இது விசிறி. க்கும்."

"உங்க வீட்டைப் போடட்டுமா தலைவரய்யா?"

"எனக்கென்னம்மா அவசரம்? உங்க வீட்டுக்கு முன்னாடி போட்டாப் போதும்."

இருட்டத் தொடங்கியது. உடம்பெல்லாம் சேறோடு அம்மா ஆற்றுப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாள். நகரத்துக் கம்பி சரியாவதற்கு மறுநாள் காலை ஆகிவிடும். இருட்டுத் தெருவில் யார் யாருக்கு என்ன சமாதானம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, பதினேழு சமாதானம் தயாராக வைத்திருந்தாள். தெருமுனை திரும்பியதும் பதினேழும் மறந்துபோயின.

"என்னடி கண்ணு நடந்துச்சு இங்க?"

"பெட்டிக்குக் கண்ணு இருக்கு, கை இல்லம்மா. அதான் நாங்க கொஞ்சம் கை கொடுத்தோம்."

"அது சரி. நம்ம வீடு மட்டும் ஏன் இருட்டா இருக்கு?"

"நம்ம முறை இன்னும் வரலம்மா. வரிசையில நில்லு."

ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் அம்மா, தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றாள். முதல் நம்பர் வீட்டுக்கு டங்! தலைவர் வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம் போனது.

"இருபத்து மூணு!"

டங்!

அம்மா உள்ளே ஓடி சுவிட்சைப் போட்டாள். போட்டுவிட்டு மறுபடி வாசலுக்கே வந்து, தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை விளக்கு எரிகிற வீடுகளை எண்ணினாள். சரியாக இருபத்து மூன்று. சரியாக வந்த பிறகும் இன்னொரு தடவை எண்ணினாள்.