மோதல்கள்: பூஜ்ஜியம்

மாடலில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது.

அவள் வைத்த பொம்மைகள் எதுவும் உட்காராது. ஆலையின் முப்பரிமாணப் படத்தில் ஆள் நடக்க இடம் இருக்கிறதா, வால்வைத் திருப்பக் கை எட்டுமா என்று பார்க்க வைக்கும் சாம்பல் நிற மனித உருவங்கள் அவை. முகம் கிடையாது. எல்லாம் ஒரே உயரம், எல்லாம் விறைப்பாக நிற்கும். மூன்றாம் பம்ப்பின் பக்கத்தில் இருந்த இதுவோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையை பம்ப்புக்குள் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வடிவமைப்பு அலுவலகத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. திரையில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னல்களில் எப்போதும் கறுப்புத் திரை இறக்கியிருக்கும். அதன் ஓரத்தில் மட்டும் வெயில் மெல்லிய கோடாகக் கசிந்தது. ஏசியின் இரைச்சல், சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடை, யாரும் இல்லாத வரிசையில் ஏதோ ஒரு நாற்காலியின் முனகல். அரை கிலோமீட்டர் தள்ளி ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பைப் ஃபிட்டராக இருந்த அவள் கணவனுக்கு இன்று பகல் ஷிஃப்ட்.

திரைக் கோளாறு என்றுதான் நினைத்தாள். போன வாரம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினாள். பொம்மையும் குழாயும் ஒரே இடத்தில் வந்து மோதினால் படம் மினுக்மினுக்கென்று கண்ணைப் பிடுங்கும். மேலாளர் தினமும் பின்னால் வந்து நின்று முகத்தைச் சுளிப்பார். வெள்ளிக்கிழமை பொறுமை போய், தானாக ஓடும் சின்ன நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். கால் மணிக்கு ஒரு முறை அது ஆலையின் தகவல் கிடங்கோடு கொடுக்கல் வாங்கல் செய்யும். அங்கே மாறியது இங்கே வரும், இங்கே மாறியது அங்கே போகும். கூடவே, பொம்மை எங்கே இடிக்கிறதோ அங்கே இடிக்கிற பாகத்தை வெட்டி எடுத்துவிடும். குழாயை அல்ல, பொம்மையை. அந்த அலுவலகத்தில் எல்லோரும் கையால் செய்து வந்த திருட்டு வேலைதான், அவள் அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தாள். ஒரு குழாயை அரையடி நகர்த்த ஏழு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பொம்மைக்காக யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? அறிக்கையின் அடியில் 'மோதல்கள்: பூஜ்ஜியம்' என்று பச்சையில் வந்தது. மேலாளருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

படத்தைப் புதுப்பித்தாள். பொம்மை போகவில்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்து, மென்பொருளை மூடித் திறந்தாள். பொம்மை இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. வைத்தவர் யார் என்று தேடினாள். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முதுகில் வியர்வை இறங்குவதை அந்தக் குளிரிலும் உணர்ந்தாள்.

இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. திரை ஒரு கணம் இருண்டு வெளுத்தது. பொம்மையின் வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. வெட்டிய இடம் சிவப்பாக இருந்தது. வெட்டுமுகத்துக்கு அவள் கொடுத்திருந்த நிறம் சாம்பல்.

ஆலைச் சங்கு அலறியது.

கொஞ்ச நேரத்தில் கணவன் அழைத்தான். ஹெல்மெட்டில் மாட்டிய போன். அவனுக்கு மூச்சு வாங்குவது அவள் காதுக்குள்ளேயே கேட்டது.

"பயந்துடாத, எனக்கு ஒண்ணுமில்ல. மூணாம் பம்ப்பு ஆபரேட்டருக்குக் கை போயிடுச்சு. முழங்கையோட. பம்ப்பு ஓடக்கூட இல்ல, தெரியுமா? நின்னுக்கிட்டிருந்த பம்ப்பு. ஏதோ கத்தியால நறுக்கின மாதிரி இருக்கு."

அவள் கண் திரையில் இருந்த அந்தச் சிவப்பு வெட்டுக்குப் போனது.

"என்னங்க, நீங்க வெளிய வந்துடுங்க."

"எப்படி வர்றது? நீராவி லைன்ல பிரஷர் ஏறுது. மூணாவது தளத்து வால்வைக் கையாலதான் மூடணும். தூணுக்கும் குழாய்க்கும் நடுவுல நீ ஒரு வழி போட்டியே, அதுலதான் போய்க்கிட்டிருக்கேன். எலி போற வழி. வீட்டுக்கு வந்து உன்னை வச்சுக்கறேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

அறுநூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வழி அது. இருந்தது நானூற்றைம்பது. அவளுக்குத் தெரியும். குழாய் கொதிக்கும் என்பதால் இரண்டு பக்கமும் நூற்றைம்பது நூற்றைம்பது விட வேண்டும் என்பதும் தெரியும். அந்த இடைவெளியில் எது நுழைந்தாலும் ஸ்கிரிப்டுக்கு அது மோதல்தான்.

படத்தை மூன்றாவது தளத்துக்குத் திருப்பினாள். வழியின் நடுவில் ஒரு பொம்மை. இடது தோள் கொஞ்சம் இறங்கிய பொம்மை. பதினொரு வருஷமாக அவள் தலை வைத்துப் படுக்கும் தோள்.

"பின்னாடி போங்க! சொன்னாக் கேளுங்க, பின்னாடி போங்க!"

"எங்க போறது? பெல்ட்டு போல்ட்டுல மாட்டிக்கிச்சு. இரு, கழட்டறேன்."

இரண்டு பதினொன்று. ஸ்கிரிப்டை நிறுத்தப் போனாள். சர்வர் மறுத்தது. பூஜ்ஜியத்தில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று மேலாளர் வெள்ளிக்கிழமையே பூட்டிவிட்டார். மேசைத் தொலைபேசியில் அவரைப் பிடித்தாள்.

"சார், ஸ்கிரிப்டை நிறுத்துங்க. இப்பவே. ஆள் செத்துடுவாங்க சார்."

"ஞாயித்துக்கிழமை கூடவா? நாளைக்கு ரிப்போர்ட் போகணும். அதைத் தொடாதம்மா." வைத்துவிட்டார்.

குழாயைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஏழு கையெழுத்து.

மிச்சமிருந்தது பொம்மை. அதை அவளால் நகர்த்த முடியும்.

மௌஸால் தோளைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தாள். போனில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவன் கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"யாரு? பின்னாடி யாரு? யாரு என்னை இழுக்கறது?"

கையை எடுத்தாள். விட்டால் வெட்டும். இழுத்தால் உடையும்.

இரண்டு பதினான்கு.

இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தாள். பொம்மையின் கை பின்னால் போய், மேலே போய், கை போகக் கூடாத பக்கம் போனது. போனில் எலும்பு விட்டுவிட்டு முறிந்தது. உடம்பு இரண்டு விரற்கடை நகர்ந்தது.

"ஐயோ, விடு! விடுடா! கண்ணு, விடச் சொல்லு!"

அவளைத்தான் கண்ணு என்பான்.

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

திரை இருண்டது.

ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். நீளமாக. பிறகு இரும்புத் தளத்தில் கனமாக ஏதோ விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அதன் பிறகு சொட்டுகிற ஓசை மட்டும்.

திரை வெளுத்தது. மோதல்கள்: பூஜ்ஜியம்.

வழியின் நடுவில் பொம்மை நின்றது. இரண்டு தோளும் இல்லை, கைகள் இல்லை, காதுகள் இருக்கும் பக்கங்கள் இல்லை. குழாய்க்கும் அதற்கும் நடுவே நூற்றைம்பது. தூணுக்கும் அதற்கும் நடுவே நூற்றைம்பது. எதிலும் இடிக்கவில்லை.

அது நடக்கத் தொடங்கியது.

வழியைத் தாண்டியது. படிகளில் இறங்கியது. படத்தின் எல்லைவரை வந்து, அதற்கு அப்பால் காணாமல் போனது.

எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் போன் இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. அதில் மூச்சு கேட்டது. குறுகிய இடத்திலிருந்து வருகிற மூச்சு. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே நடைபாதையில் காலடி. ஈரக் காலடி. போனில் ஒரு தரம், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தரம். இரண்டும் ஒன்றாகக் கேட்டன.

கதவு ஒரு சாண் திறந்து நின்றது.

அவன் அதைத் தள்ளவில்லை. உடம்பை ஒருக்களிக்கவும் இல்லை. எதிலும் இடிக்காமல் நேராக நடந்து உள்ளே வந்தான்.