தம்பியின் கயிறு

பனிமூட்டம் விலகாத காலையில் அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அணைத் தண்ணீருக்கடியில் முங்கி வேலை செய்கிறவனுக்கு கம்ப்ரஸரில் காற்று அனுப்புவது என் பிழைப்பு. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கயிறு பிடிப்பவர். பேயாவது பிசாசாவது என்று நான் பெருமையடித்துத் திரிந்த காலம் அது. வாய்க்கொழுப்பு, வேறென்ன?

தண்ணீருக்கடியில் இருப்பவனிடம் இடுப்புக் கயிற்றால்தான் பேச வேண்டும். மேலிருந்து ஒருமுறை இழுத்தால், நல்லா இருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு ஒருமுறை இழுத்தால், நல்லா இருக்கேன். மூன்று முறை என்றால், தூக்கு.

அதற்கு முந்தின வருடம் மச்சானின் தம்பி இதே மதகடியில் மாட்டிக்கொண்டு எத்தனை தடவை இழுத்தானோ! மேலே கயிறு பிடித்திருந்தவன் மீசை என்று நாங்கள் கூப்பிடும் கூட்டாளி; குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். விபத்து என்று சொல்லி விசாரணையை மூடிவிட்டார்கள்.

இந்தத் தடவை இறங்குவது மீசை. கயிற்றை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தம்பி போனதிலிருந்து மச்சானின் கட்டிலடியில் விடிந்தால் ஈரம், சேற்று வாடை. அவன் பழி கேட்கிறான் என்பார். என் மாமியாரோ பைபிளை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பேச்சு.

"பழி தீர்க்கிறது நம்ம வேலை இல்லப்பா. ஆண்டவர் கையில குடுத்துட்டு, திரும்பப் பிடுங்காத."

மச்சான் ஜெபத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

மீசை யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினான். குமிழிகள் வந்தன. கம்ப்ரஸர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் மச்சான் கையிலிருந்த கயிறு துள்ளியது.

மூன்று முறை.

மச்சான் அசையவில்லை.

மறுபடியும் மூன்று.

"தூக்குங்க மச்சான்," என்றேன். கயிற்றைப் பிடுங்கத் துணியவில்லை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "என் தம்பியும் இப்படித்தானே இழுத்திருப்பான்," என்றார்.

அப்போது சேற்று வாடை குப்பென்று வந்தது.

நாங்கள் நின்ற மிதவையின் இரும்புத் தூணில் தம்பியின் பழைய கயிறு கட்டிக் கிடந்தது. அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. அதன் நுனி காய்ந்த பலகைமேல் சும்மா கிடந்ததை நான் பார்த்திருந்தேன். இப்போது அது தண்ணீருக்குள் இறங்கி விறைத்து நின்றது.

தூண் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

மச்சானின் முகம் செத்த முகமாகிவிட்டது.

"தம்பி தூக்கச் சொல்றான் மாப்ள," என்றார் மெதுவாக. "மீசையத் தூக்கச் சொல்றான்."

அழுதுகொண்டே மீசையின் கயிற்றை இழுத்தார். நானும் பாய்ந்து பிடித்தேன்.

மேலே வந்த மீசைக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. பேச்சு வந்த பிறகு சொன்னான், மதகுச் சங்கிலியில் கால் சிக்கியதாம். யாரோ இரண்டு கைகளால் அதை விடுவித்தார்களாம். அந்தக் கைகளை அடையாளம் தெரிந்தது என்று சொல்லி மச்சானின் காலில் விழுந்தான். அன்றைக்குக் குடித்திருந்ததை அதிகாரிகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றான்.

"போய்ச் சொல்லு," என்றார் மச்சான். "உன்னை மன்னிக்க இன்னும் எனக்கு மனசு வரல. ஆனா என் கை உன்மேல படாது. அத ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன்."

தம்பியின் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறை ஆணியில் மாட்டினார். சாயங்காலம் மாமியார் ஜெபத்தைத் தொடங்க, பல மாதம் கழித்து மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி ஜெபத்தில் ஆணி கிறீச்சிட்டது. கயிறு ஒரே ஒருமுறை இழுபட்டது.

நல்லா இருக்கியா?

மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. மச்சான் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். வெகுநேரம் நின்றார். பிறகு ஒருமுறை இழுத்தார்.

துணி காயப்போடக்கூட என் மனைவி அந்தப் பக்கம் போவதில்லை. இன்றுவரை கயிறு தொய்யாமல் விறைத்து நிற்கிறது. அதன் மறுமுனையை நாங்கள் எதிலும் கட்டவில்லை.