ஒரேயொரு தட்டு

"நான் கீழை தண்ணியைப் பூட்டிப்போட்டுக் குழாயிலை ரெண்டு தட்டுத் தட்டுவன். நீர் மேலை எல்லாப் பைப்பையும் திறந்து வடிய விட்டிட்டு ஒரு தட்டுத் தட்டும். அதுக்குப் பிறகுதான் ஏறி வருவன், சரியே?"

"நான் தட்டாமல் விட்டால்?"

"கீழையே கிடப்பன். உமக்குக் கொண்டாட்டம்தானே!"

ஒன்பது குளிர்காலத்துக்கு முன் ஏர்னஸ்ற் சொன்னது. செலஸ்ரீனா அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலோரத்து இந்த வீட்டை வீட்டுக்காரச் சினோரா கோடையில் மட்டும் வாடகைக்கு விடுவாள். குளிர் தொடங்கினால் பழைய குழாய்களை வடித்து, யன்னல்களை அடைத்து, கதவிடுக்குகளில் சாக்குத் திணிப்பது ஏர்னஸ்ற், செலஸ்ரீனா என்ற இந்தப் புருசன் பெண்சாதியின் வேலை. அவருக்கு இழுப்பு. நிலவறை ஈரத்தில் இறங்கி ஏறினால் இரவெல்லாம் இருமுவார். இந்த வேலையை விடுங்கோ என்று கேட்க ஒவ்வொரு வருடமும் செலஸ்ரீனாவுக்கு வாய்வரை வரும். ஆனால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கச் சினோராவின் கடிதம் வேண்டும். விழுங்கிக்கொள்வாள்.

போன மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போனார். இரவு சினோராவின் ஆட்கள் தேடிக் கண்டபோது நிலவறை வால்வுக்குப் பக்கத்தில் மூச்சடங்கிச் சாய்ந்திருந்தார். கையில் ஸ்பானர்.

இன்று எல்லாம் அவளே. வால்வைப் பூட்டினாள். மேலே ஏறி வந்து நிலவறைக் கதவையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். யன்னல்களை அடைத்ததும் பட்டப்பகலிலேயே வீடு கறுத்துப் போயிற்று. பூஞ்சண மணம். குசினிப் பைப்பைத் திறந்தாள். கடைசிச் சொட்டும் விழுந்து ஓய்ந்தது.

டக். டக்.

குழாய் அவள் விரலடியில் அதிர்ந்தது.

காற்றுத்தான், யேசுவே, காற்றுத்தான்.

டக். டக்.

அதே நிதானம். ஒரு வருடமாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் தட்ட மேலே ஆள் இல்லை.

தட்டினால் வேலை முடிந்துவிடும். இந்தச் சத்தமும் இனிக் கேட்காது. அவரிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். ஆனால் அந்த ஈரத்தில், அந்த நெஞ்சோடு...

கரண்டியை எடுத்தாள்.

ஒரேயொரு தட்டு.

பூட்டிய கதவுக்கு அப்பால் காலடி. படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி, ஏறி வந்தது.

கதவு திறக்காமலே குசினி வாசலில் வந்து நின்றது.

அங்கே கிடந்த சாக்கில் சப்பாத்துத் தேய்க்கும் ஓசை. யாரும் இல்லை. சாக்கில் மட்டும் ஈரம், இரண்டு பாதங்களாகப் பரவியது.

"இஞ்சரப்பா," என்றாள் அவள். "இவ்வளவு காணும். இந்த வேலையை விட்டிட்டு வீட்டுக்கு வாங்கோ."